ஊசிக்குப் பிறகு நடக்கச் சொன்னார்கள்

அன்புள்ள மகனுக்கு,

பெட்டியைக் கட்டாதே. கட்டிவிட்டாயென்றால் திறந்து, புத்தகங்களைத் திரும்ப மேசையில் அடுக்கு. வேறு எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்பதால் சுகம் விசாரிப்பதைக்கூடப் பின்னுக்கு வைத்துவிட்டேன். உன் கடிதம் நேற்றைய வள்ளத்தில் வந்தது. கடைசி வருடச் சோதனையை எழுதாமல் பேராதனைப் பல்கலைக்கழகத்தை விட்டு வருகிறாயாம். தீட்சை பெறுகிறாயாம். தீட்சைக்கு முன் கலியாணம் வேண்டுமென்றால் அம்மா காட்டுகிற பெண்ணைக் கட்டுகிறாயாம். பிறகு எனக்குப் பதிலாக நம்முடைய கோயில் மூலஸ்தானத்தில் நீ நிற்கிறாயாம். அம்மா அதை இரண்டு தரம் வாசித்தாள். "இவன் தகப்பன்ரை காலுக்காகக் கலியாணம் கட்டப் போறானோ?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை.

இந்தக் கடிதத்தைச் சொல்வது நான், எழுதுவது உன் தங்கச்சி சாரதா. போன மாதம், "அப்பாவின் பாதம் கருநீலமாகிவிட்டது, இனி அவரால் ஏலாது" என்று உனக்கு எழுதிப் போட்டவளும் அவள்தான். நீ படிப்பை விடுவதாக முடிவெடுத்தது அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான். ஆகவே அதை எழுதிய கையே இதையும் எழுதட்டும் என்று அவளைப் பிடித்துத் தேர்முட்டிப் படியில் இருத்தியிருக்கிறேன். நான் கோயிலின் வெளிவீதியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். அவளைக் கடக்கும்போது மனதில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நான் மறுபடி வருவதற்குள் அவள் அதை எழுதி, தன் பாட்டுக்கு அழகும் படுத்தி வைத்திருக்கிறாள். ஒரு கதிரையில் உட்கார்ந்து ஆறுதலாகச் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். காலைத் தொங்கவிட்டு இருக்கக் கூடாது, ஓரிடத்தில் நிற்கவும் கூடாது, நடக்கலாம், நடந்தே ஆகவேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. ஏன் என்று சொல்லுகிறேன். முழுவதையும் கேட்ட பிறகு நீ வரவேண்டுமா என்று நீயே தீர்மானி. ஆனால் முழுவதையும் கேள்.

கால் உனக்குத் தெரிந்த கால்தான். நீ சிறு பிள்ளையாக இருந்தபோது நான் மத்தியானப் பூசை முடித்து வந்து பாயில் சரிந்தால், என் காலடியில் இருந்துகொண்டு கெண்டையில் புடைத்திருந்த நரம்புகளின் மேல் விரலை ஓட்டுவாய். "இது வேலணை றோட்டு, இது புங்குடுதீவு றோட்டு, இது துறைக்குப் போற ஒழுங்கை" என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாய். எனக்கும் அது சுகமாக இருக்கும், அப்படியே நித்திரையாகிவிடுவேன். (நரம்பு இல்லை அப்பா, நாளம் என்று இப்போது சாரதா திருத்துகிறாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படிப்பிக்கிறார்களாம். சரி, நாளம்.) அந்த றோட்டுகள் வருடத்துக்கு வருடம் அகன்றன. தகப்பனார் காலமான பிறகு மூலஸ்தானத்து ஈரக் கருங்கல்லில் நிற்கத் தொடங்கியவன் நான். ஓடுகிறவனுக்கும் பாரம் தூக்குகிறவனுக்கும் கால் நோகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சும்மா நிற்பது ஒரு வேலையா என்று நானும் நினைத்திருந்தேன். அந்திப்பட்டதும் கால் ஈயம் போல் கனக்கும், தோல் அரிக்கும், கணுக்காலின் உட்பக்கம் கறுத்துக்கொண்டே வரும். பிறகு அந்தக் கறுப்பில் ஒரு சின்னப் புண் வந்தது. அது ஆறுவதும் திரும்ப வெடிப்பதுமாக இருந்தது. இலை அரைத்துக் கட்டினோம், எண்ணெய் காய்ச்சிப் பூசினோம். அதெல்லாம் நீ விடுமுறையில் வந்தபோது பார்த்ததுதான்.

நீ பார்க்காதது ஒன்று உண்டு. போன கார்த்திகையில் அபிஷேகம் செய்துகொண்டிருந்தபோது காலில் சூடாக ஏதோ வழிந்தது. இளநீர் சிந்திவிட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் சிவப்பு. புடைத்திருந்த ஒரு நாளம் உடைந்து, ஒரு நோவும் இல்லாமல், இரத்தம் அபிஷேகத் தண்ணீரோடு சேர்ந்து, அது வெளியேறுகிற கோமுகி வரைக்கும் ஓடியிருக்கிறது. வெளியே கைகூப்பி நின்றவர்கள் எல்லாரும் கண்டுவிட்டார்கள். என்னைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்ததும் இரத்தம் நின்றுவிட்டது. ஆனால் மூலஸ்தானத்தில் இரத்தம் சிந்தினால் என்ன செய்யவேண்டும் என்று உனக்குத் தெரியும். திரையை இழுத்துக் கோயிலைப் பூட்டி, பிராயச்சித்தம் செய்து, சம்புரோட்சணம் முடித்துத்தான் திறந்தோம். அதற்குப் பிறகு கும்பிட வருகிறவர்கள் முதலில் என் காலைப் பார்த்தார்கள், பிறகுதான் சுவாமியைப் பார்த்தார்கள். ஒரு குருக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், கோயிலை விட்டு விலக?

வழி காட்டியவர் புங்குடுதீவுக் கனகசபை முதலாளி. கொழும்பில் கடை மேசைக்குப் பின்னால் நின்றே தலைநரைத்தவர். குறிகட்டுவானில் இருந்து வரும்போது வள்ளத்தில் எனக்கு எதிரே இருந்தார். நான் வேட்டியை இழுத்து இழுத்துப் புண்ணை மறைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஐயா, உந்தப் புண்ணை மூடிவைச்சு என்ன செய்யப் போறியள்? இஞ்சை என்ரை காலைப் பாருங்கோ" என்று தன் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிவிட்டார்.

"முதலாளி, வள்ளத்திலை பொம்பிளையள் இருக்கினம்!" என்று யாரோ ஒரு பெண் கத்தினாள்.

"பாக்கட்டும் பிள்ளை. தேர் மாதிரி, எல்லாருக்கும் பொது" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டே அந்தக் காலைப் பார்த்தேன். அங்கங்கே மண்ணிறத் தழும்பு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். புடைப்பு இல்லை, புண் இல்லை. "வெட்டினவங்களோ?" என்று கேட்டேன். "வெட்டேல்லை, தைக்கேல்லை, கட்டிலிலை போடவும் இல்லை. மெல்லிய ஊசி. போட்டு முடிஞ்ச உடனை எழும்பி நட எண்டாங்கள். கட்டில் பஞ்சத்திலை என்னைத் துரத்துறாங்களாக்கும் எண்டு நான் நினைச்சன். பிறகுதான் தெரிஞ்சுது, நடக்கிறதுதான் மருந்திலை பாதி எண்டு." யாழ்ப்பாணத்தில் அந்த வைத்தியத்தை வெளிநாட்டில் படித்து வந்த டொக்டர் ஒருவர் இருக்கிறார் என்றும், எந்த நாளில் பார்ப்பார் என்றும் வள்ளம் கரை தட்டுவதற்குள் சொல்லிவிட்டார்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். என்னை ஒரு மரக் குற்றியில் ஏற்றி, சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, புடைப்பு எங்கெங்கே ஓடுகிறதோ அங்கெல்லாம் நீலப் பேனையால் கோடு போட்டார். எனக்கு உன் விரல் நினைவுக்கு வந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிப்பியள் ஐயா?"

"சுவாமிக்கு முன்னாலை நேரம் பாக்கிறேல்லை டொக்டர்."

"உங்கடை கால் பாத்திருக்கு" என்றார்.

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார். காலுக்கு வந்த இரத்தம் திரும்ப மேலே நெஞ்சுக்கு ஏறவேண்டும். ஏறுகிற பாதையில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. மேலே போக விடும், கீழே வர விடாது. நடக்கும்போது கெண்டைச் சதை இறுகி இரத்தத்தை மேலே தள்ளும். நின்றபடியே நின்றால் தள்ளுவதற்கு ஆளில்லை, பாரம் முழுவதும் கதவுகளின் மேல். பலவீனமான கதவு வருடக்கணக்கில் பாரம் தாங்கினால் மூடாமல் போய்விடும், இரத்தம் கீழே தேங்கி நாளம் புடைக்கும், தோல் கெட்டுப் புண் வரும். "கதவைத் திருத்த ஏலாது ஐயா. அந்தப் பாதையையே மூடிப்போடுவம்" என்றார். "மூடினால் இரத்தம் எதாலை போகும்?" என்று கேட்டேன். "உள்ளுக்குப் பெரிய றோட்டு ஒண்டு நல்லாய் இருக்கு. அதாலை போகும். இது பழுதாய்ப்போன ஒழுங்கை, இது இல்லாட்டிலும் ஊருக்கு நட்டமில்லை."

படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் தேவாரம் சொல்லத் தொடங்கினேன். எறும்பு கடித்தது மாதிரி ஓரிடத்தில், பிறகு இன்னோரிடத்தில். ஊசி போன ஒவ்வொரு இடத்தையும் விரலால் அழுத்தி, அதன் மேல் ஸ்பொஞ்ச் ரப்பர் துண்டு வைத்து, பாதத்தில் தொடங்கி மேலே மேலே, இழுத்தால் நீளுகிற இழுவைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். நான் கண்ணைத் திறந்து, "இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கேட்டேன். "முடிஞ்சுது. எழும்பி ஒரு மணித்தியாலம் நடந்திட்டு வாங்கோ" என்றார் டொக்டர். வெளியே அம்மா என்னை ஏற்றிப்போக வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, பின்கதிரையில் தலையணையும் போட்டு வைத்திருந்தாள். காரை அனுப்பிவிட்டு நான் சந்தைப் பக்கம் நடந்தேன், தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். "இஞ்சாருங்கோ, காலிலை வருத்தம் உங்களுக்கோ எனக்கோ?" என்று அந்த வெயிலில் அவள் கேட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இனித்தான் என் பிழை. சாரதா உனக்குப் பாதியைத்தான் எழுதியிருக்கிறாள். ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதம், கட்டை அவிழ்க்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று டொக்டர் சொன்னபோது நான் தலையாட்டினேன். தலையாட்டும்போதே என் மனம் அடுத்த நாள் காலைப் பூசைக்குப் போய்விட்டது. குளிக்காமல் மூலஸ்தானத்துக்குள் எப்படிக் கால் வைப்பது? ஆகவே கிணற்றடியில் கட்டை அவிழ்த்துக் கொடியில் போட்டேன். குளித்தேன். பூசையை முடித்துக்கொண்டு வந்து, திரும்ப நானே கட்டினேன். என் கைக்குத் தெரிந்த கட்டு எது என்று நீயே சொல். சுவாமிக்குப் பட்டுச் சாத்துகிற கட்டு. இடுப்பில் இறுக்கித் தொடங்கி, கீழே வரவரத் தளர்த்தி, பாதத்தில் விரியவிட வேண்டும். அப்படியே முழங்காலின் கீழே இறுக்கித் தொடங்கி, கணுக்காலில் தளர்த்தி, மிச்சத் துணியை மடிப்பு எடுத்துச் செருகினேன். வடிவாகத்தான் இருந்தது. சில நாளில் பாதம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது.

சாரதா பள்ளிக்கூடத்துச் சாரணியர் வகுப்பில் முதலுதவி படித்தவள் அல்லவா? என் காலைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை ஆர் கட்டினது?" என்றாள்.

"நான்தான். ஏன், வடிவில்லையோ?"

"வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் தலைகீழாய் இருக்கு" என்றாள்.

அன்றைக்கே கட்டை அவிழ்த்துக் காலை உயர்த்தி வைத்தாள், அன்றைக்கே உனக்கும் எழுதிவிட்டாள். மறுபடி யாழ்ப்பாணத்துக்குப் போனோம். டொக்டர் ஏசவில்லை. "நான் மூடின ஒழுங்கையை நீங்கள் திறந்துவிட்டிட்டியள் ஐயா" என்றார். நான் சாத்துப்படி விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சுவாமிக்குக் கால் வீங்காது, உங்களுக்கு வீங்கும்" என்றார். பிறகு முகம் மாறிவிட்டது. திரும்பவும் ஊசி போடலாம், அதில் ஒரு கரைச்சலும் இல்லை, ஆனால் ஆறு கிழமை நான் மூலஸ்தானத்துப் பக்கம் போகக் கூடாது, வேறு ஆள் ஒழுங்குபண்ணிவிட்டு வந்தால்தான் தொடுவேன் என்றார். நோய் வருத்தக்காரருக்கு விபூதி ஸ்நானம் போதும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது வீட்டில் இருந்து கும்பிடுகிறவர்களுக்கு. மூலஸ்தானத்துக்குள் போகிறவனுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும். எனவே அன்று திரும்பி வரும்போது வள்ளத்தில் எனக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. யார்?

உண்மையைச் சொல்கிறேன். உன் பெயர் என் வாய் வரைக்கும் வந்தது. நான் கூப்பிட்டால் நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிடாமலே வருகிறேன் என்று எழுதியவன் அல்லவா நீ? ஆனால் நீ பாலம் கட்டப் படிக்கிறவன். இந்தத் தீவுக்கும் அந்தக் கரைக்கும் இடையில் வள்ளத்துக்காகக் காய்ந்த ஒவ்வொரு நாளும், இதில் ஒரு பாலம் போட ஏலாதோ என்று பத்து வயதில் கேட்டவன். ஒரு காலின் பழுதான கதவுக்காக உன்னை இங்கே கொண்டுவந்து, அதே ஈரக் கல்லில் நிற்கவைத்து, உன் காலிலும் அதே றோட்டுகள் வளருவதை நான் பாயில் படுத்துக்கொண்டு பார்ப்பதா? வள்ளம் கரை தட்டியபோது வேறொரு பெயர் எனக்கு வந்துவிட்டது.

அண்ணை, இந்தப் பந்தியை எழுதுவது சாரதா. அப்பா இப்போது கோயிலின் பின்வீதிக்குப் போய்விட்டார். அடுத்ததை அவர் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும், அதனால் அவர் வருவதற்குள் நான் கண்டதை எழுதிவிடுகிறேன். அந்தப் பெயர் தியாகு சித்தப்பா. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, ஊரின் மேற்குக் கரையில் இருக்கிறவர். கோயிலில் பூசை செய்யும் முறை யாருக்கு என்று நம்முடைய தாத்தாவும் அவருடைய அப்பாவும் பிரிந்த நாளில் இருந்து இரண்டு வீட்டுக்கும் செத்த வீடு தவிரப் போக்குவரத்து இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா சால்வையைப் போட்டுக்கொண்டு, "பிள்ளை, வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வாசல் படலையில் நின்று கூப்பிட்டார். சித்தப்பா முற்றத்துக்கு ஓடிவந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்து, "ஆர் அண்ணை செத்தது?" என்று கேட்டார். "ஒருத்தரும் சாகேல்லை தியாகு. என்ரை கால்தான்" என்றார் அப்பா. சித்தப்பாவுக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. அப்பா உள்ளே போகவில்லை. படலையில் நின்றபடியே, "ஆறு கிழமை என்ரை இடத்திலை நீர் நிக்க வேணும். கேக்கத்தான் வந்தனான்" என்றார். அப்பா யாரிடமாவது ஏதாவது கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கேட்டு முடித்த பிறகு அவருடைய கை படலைத் தடியைப் பிடித்திருந்த பிடி எனக்கு மறக்காது. இதோ, வருகிறார்.

"என்ன பிள்ளை, நான் சொன்னதைவிடக் கூட எழுதுறாய் போல?" என்று கேட்டேன். "நீங்கள் சொன்னதுதான் அப்பா" என்கிறாள். இருக்கட்டும்.

தியாகு உடனே ஓம் என்று சம்மதம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவன் மேல் இவ்வளவு மதிப்பு வந்திராது. "கால் சுகம் வந்த உடனை என்னைக் கலைச்சுவிடுவியள் அண்ணை. ஆறு கிழமைக்குக் கடன் வாங்கிற ஆள் நானில்லை. வருசத்துக்கு வருசம் மாறி மாறிச் செய்வம் எண்டால் நாளைக்கே வாறன்" என்றான். அவனுக்கு இரண்டு மகன்மார், இருவரும் வேதம் படிக்கிறார்கள். நின்று பூசை செய்யக் கோயில் இல்லை. நான் அந்தப் படலையில் நின்றபடியே சம்மதித்துவிட்டேன். ஆகவே இதையும் கேள் மகனே. உனக்கு வரவேண்டிய உரிமையில் பாதியை, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டேன். கோபம் வந்தால் எழுது. ஆனால் எனக்குப் பிறகு கோயிலில் விளக்கு எரியுமா என்று நீ பேராதனையில் படுத்திருந்து யோசிக்க வேண்டியதில்லை. எரியும். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், நீ இல்லாமலே.

இரண்டாம் முறை ஊசி போட்ட பிறகு இந்த வீதியில் நடக்கத் தொடங்கினேன். காலையிலும் மாலையிலும், பூசை மணி கேட்கும்போது. முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. என் வயதில் பாதிக்கு மேல் நான் சுவாமிக்கு முன்னால் நின்றவன். மற்றவர்கள் சுற்றுவார்கள், நான் நிற்பேன், அதுதான் என் தொழில். உள்ளே நிற்கிறவனுக்கு மணிச்சத்தம் காதை அடைக்கும், வெளியே நடக்கிறவனுக்கு அது கடற்காற்றோடு கலந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாது. தியாகுவின் குரல் என் குரலைவிடக் கணீர் என்று இருக்கிறது. ஓரிரண்டு இடத்தில் அவசரப்படுகிறான், அதைச் சொல்லியிருக்கிறேன். கூடச் சுற்ற வருகிற பெண்கள் என்னோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். "ஐயா, உங்கடை கால் எப்பிடி?" என்று நேராகவே கேட்கிறார்கள். ஒருத்தி தன் காலையும் காட்டினாள், மீன் கூடையோடு சந்தையில் நாள் முழுக்க நிற்கிறவள். டொக்டர் பார்க்கிற நாளைச் சொல்லி அனுப்பினேன். முதலாளி மாதிரி நானும் வேட்டியைத் தூக்கிக் காட்டாத குறைதான்.

போன கிழமை டொக்டர் கட்டை மாற்றினார். புண் ஒரு பயறு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, புதுத்தோல் வந்துவிட்டது. புடைத்த நாளம் இருந்த இடத்தில் தடவினால் தோலுக்குக் கீழே கயிறு மாதிரிக் கட்டியாக இருக்கிறது, அதுவும் காலப்போக்கில் கரையுமாம். அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுகிறவர். "இது போனால் வேறை ஒண்டு எப்பவாவது புடைக்கலாம் ஐயா. வந்தால் திரும்ப வாங்கோ, திரும்ப மூடுவம். நிக்கிறதைக் குறையுங்கோ, நடக்கிறதை விடாதேங்கோ" என்றார். அவ்வளவுதான் என் வருத்தம். உன் சோதனையை நிறுத்துகிற அளவுக்கு அது பெரிதல்ல.

இனி உன் காலுக்கு வருகிறேன். நேற்று மாலைத் தீபாராதனையின்போது வாசலுக்கு நேரே வந்தபோது தியாகுவின் கெண்டைக்காலைக் கண்டேன். வேட்டிக்குக் கீழே அதே றோட்டுகள், என்னுடையதைவிட மெல்லிசாக. அவனுடைய அப்பாவுக்கும் இருந்தது, என்னுடைய அப்பாவுக்கும் இருந்தது. முறை யாருக்கு என்று இரண்டு வீடும் இத்தனை காலம் சண்டை பிடித்தோம். முன்னோர்கள் இந்தக் காலை மட்டும் எல்லாருக்கும் சமமாகப் பிரித்துத் தந்திருக்கிறார்கள். ஆகவே கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலுக்குப் பின்னால் எட்டிப் பார். ஏதாவது புடைத்திருந்தால் மூடி வைக்காதே, வெட்கப்படாதே, நான் காத்திருந்த மாதிரிக் காத்திருக்காதே. நாளைக்கு நீ பாலம் கட்டுகிற இடத்தில் வெயிலில் நாள் முழுக்க நிற்கப்போகிறவன். இடைக்கிடை நட. கண்டியில் நல்ல இழுவைத் துணிக் கட்டு கிடைக்கும் என்று கேள்வி. சோதனை முடிந்து வரும்போது இரண்டு வாங்கி வா, ஒன்று எனக்கு, மற்றது தியாகுவுக்கு. அவன் இன்னும் டொக்டரிடம் போக மாட்டேன் என்கிறான். கட்டைக் கொடுத்து, பாதத்தில் இருந்து தொடங்க வேண்டும் என்று காட்டிக் கொடுக்க நான் இருக்கிறேன்.

சோதனை முடிந்து என்று சொன்னேன். முன்னால் வந்தால் படலையைத் திறக்க மாட்டேன். அம்மாவும் அதையே சொல்லச் சொல்கிறாள், நீ கட்டுவதாகச் சொன்ன பெண்ணை மட்டும் தான் மறக்கவில்லை என்றும் எழுதச் சொல்கிறாள். இந்த வருடத் திருவிழா தியாகுவின் முறை. அதற்குள் உன் சோதனை முடிந்திருக்கும், வா. அவன் உள்ளே நிற்பான். நீயும் நானும் வெளியே, சுவாமிக்குப் பின்னால் இந்த வீதியைச் சுற்றுவோம். உன்னைத் தோளில் தூக்கித் தேர் காட்ட வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்த தகப்பன் நான், எந்தத் திருவிழாவிலும் உன்னோடு நடந்ததில்லை.

வள்ளத்தின் சத்தம் கேட்கிறது. சாரதா எழும்பித் தானே தபாற்கந்தோருக்கு ஓடுகிறேன் என்கிறாள். வேண்டாம், நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். இன்றைக்கு நடக்கவேண்டிய தூரத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

முதலில் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் சுகம்.

உன் அப்பா